மாயாபுரிச் சந்தையில் இருவர்

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' கிறிஸ்தவர்க்கே உரிய நூல் என்று கருதி அதைத் திறவாமலே வைத்துவிடும் தமிழாசிரியர் நம்மிடையே பலர். கிறிஸ்தவ அன்பர்களோ அதைப் போற்றுவதோடு அமைந்துவிடுகின்றனர், படிப்போர் சிலரே. இரு சாராரும் இழப்பது ஒன்றுதான். கூட்டத்தோடு கூடாமல் தனித்து நிற்பவன் எந்த மொழியில் பேசவேண்டும் என்னும் வினாவுக்கு அந்நூல் தரும் விடையே அது.

1894இல் நூலாக வெளிவந்த இக்காப்பியம், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' என்னும் ஆங்கில உரைநடைக் கதையைத் தழுவியது. கதையில் மாயாபுரி என்றோர் ஊர். அங்கே ஆண்டு முழுவதும் சந்தை. பதவியும் பட்டமும் இன்பமும் அங்கே விலைக்குக் கிடைக்கும். அச்சந்தையில் பனியன் நாட்டுக்கொரு தெரு வகுத்தார். மலாக்காவில் வாழும் நமக்கு இது வெறுங் கற்பனையாகத் தோன்றாது. 1511க்குப் பின் இங்கு வந்த போர்த்துக்கேயர் தோமே பிரெஸ், இத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்படுவதாகக் குறித்தார். தமிழ் வணிகரின் குரலும் அவற்றுள் ஒன்று.

சந்தையுள் பயணியும் அவன் தோழன் நிதானியும் நுழைந்ததும் ஊர் கலங்குகிறது. பனியன் காட்டும் காரணம் மூன்று: உடை வேறு, பேச்சு வேறு, சரக்கை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என்ன வாங்குவீர் என்று கேட்டவர்க்கு, மெய்யையே வாங்குவோம் என்கின்றனர். அவர்கள் யாரையும் ஏசவில்லை, கடைகளைக் கலைக்கவுமில்லை. வாங்க மறுத்ததே குற்றம். அடியும் சேறும் கூண்டும் வழக்கும் தொடர்கின்றன, நிதானி கொல்லப்படுகிறான்.

பனியன் கதையில் இவர்களுடைய பேச்சு ஊராருக்கு விளங்கவில்லை. கிருஷ்ண பிள்ளை செய்தது இதற்கு நேர்மாறு. 1827இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்திற் பிறந்தவர். 1853இல் சாயர்புரத்துக் கிறிஸ்தவப் பள்ளியில் தமிழாசிரியராக அமர்ந்தவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். முப்பது வயதுவரை கம்பனில் ஊறிய நாவை, சமயம் மாறியபின் மாற்றிக்கொள்ள அவர் இசையவில்லை. அக்காலத்துப் பாதிரிமாரின் மொழிபெயர்ப்புத் தமிழ், வாய் திறந்த அளவிலேயே பேசுபவன் இன்னான் என்று காட்டிக்கொடுக்கும். இவருடைய விருத்தமோ கம்பனைக் கேட்ட காதுக்குப் பழகிய ஓசை. கிறிஸ்துவின் பாடுகளை உரைக்கும் இடத்திலும் ஆழ்வார்களிடம் கற்ற உருக்கமே கேட்கிறது. தாம் நம்பியதில் ஊரோடு வேறுபட்டார். சொன்ன தமிழில் வேறுபடவில்லை. இதை வெறும் உத்தி என்று நான் கருதவில்லை. அவருக்கு வேறு நாவு இல்லை.

குறையும் உண்டு. பனியன் சிறைப்பட்டவர், தெருப்பேச்சு அறிந்தவர். அவர் சந்தையில் இரைச்சல் கேட்கும். பொய்ச் சாட்சிகளின் அற்பத்தனம் நகைப்பூட்டும். நம் புலவர் காப்பிய நடையை மேற்கொண்டமையால் அந்நகைப்பு அடங்கிவிட்டது. நிதானி, நம்பிக்கை போன்ற உருவகப் பெயர்களும் ஆட்களாக நடமாடத் தயங்குகின்றன. கம்பனின் குகன் நெஞ்சில் நிற்பதுபோல் இவர்கள் நிற்பதில்லை.

புக்கிட் அசஹான் தோட்டப் பள்ளியிலோ மெர்லிமாவிலோ ஒரு வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளை ஒருவனே இருக்கலாம். தீமிதித் திருவிழாவன்று ஒதுங்கி நிற்பவனை வீம்பன் என்போம், 'வேதக்காரன்' என்போம். அவனுக்குத் தமிழும் சற்றுத் தூரம் என்று எண்ணிவிடுவது அதனினும் பெரும் பிழை. சந்தையில் சரக்கு வாங்காதவன் தன் மொழியையுமா விட்டுவந்தான்?

நிதானி மாண்டபின் பயணி தனியே செல்லவில்லை. அதே மாயாபுரியில் வாழ்ந்த நம்பிக்கை என்பவன், இவ்விருவரும் நடந்துகொண்ட விதத்தைக் கண்டு, உடன் புறப்படுகிறான். அப்பகுதியைக் கம்பனின் குகப் படலத்தோடு சேர்த்து ஒரு வாரம் வகுப்பில் படித்துப் பார்க்கலாம்.