இரண்டு வெண்கலங்கள்

மந்தாரக்குப்பம் டீக்கடையில், முதல் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வந்து நிற்கிற நேரத்தில், பாக்சிங் பேச்சு எப்போதாவது கிளம்பும். 2021-ல் வடசென்னைக் குத்துச்சண்டையைக் காட்டிய 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு கொஞ்சம் அடிக்கடியே கிளம்புகிறது. வடசென்னையில் தொடங்கினாலும் பேச்சு கடைசியில் போய் நிற்கிற இடம் ஒன்றுதான்: மேரி கோமா, விஜேந்தர் சிங்கா? "ஆறு தங்கம்பா, இதுல என்ன கேள்வி?" என்பார் ஒருவர். "அவரு ஆம்பளைங்க போட்டியில நின்னவரு, அது வேற" என்பார் பக்கத்தில் இருப்பவர். இரண்டு பேச்சும் சோம்பல் பேச்சு. முதலாமவர் எண்ணியதோடு நிறுத்திக்கொள்கிறார். இரண்டாமவர் எண்ணவே இல்லை.

ஒலிம்பிக்கை வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஆளுக்கொரு வெண்கலம். விஜேந்தருக்கு 2008 பெய்ஜிங், 75 கிலோ. மேரிக்கு 2012 லண்டன், 51 கிலோ. இருவரும் அரையிறுதியில் தோற்றவர்கள். விஜேந்தர் கியூபாவின் எமிலியோ கொரேயாவிடம் 5-8, மேரி பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸிடம் 6-11. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மேரியின் இயல்பான எடை 48 கிலோவும் அதற்குக் கீழும்தான். பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலில் ஒலிம்பிக்கில் நுழைந்த அந்த ஆண்டில் மூன்றே எடைப்பிரிவுகள். மிகக் குறைந்தது 51. தன்னைவிடக் கனமானவர்களோடு மோதித்தான் அந்த வெண்கலத்தை அவர் கொண்டுவந்தார்.

எங்கள் மந்தாரக்குப்பம் பக்கம் பழுப்பு நிலக்கரி எடுக்க முதலில் பல மடங்கு மேல்மண்ணை வாரிக் கொட்ட வேண்டும். இந்த இருவர் மேலும் மண் நிறையக் கிடக்கிறது. 2014-ல் மேரியைப் பற்றி ஓர் இந்திப் படம் வந்தது. அதே ஆண்டில் விஜேந்தரே 'ஃபக்லி' என்ற படத்தில் நடித்தார். மேரி 2016-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் ஆனார். விஜேந்தர் 2019-ல் காங்கிரஸ் வேட்பாளராகத் தென் தில்லியில் நின்று தோற்று, 2024-ல் பாஜகவுக்குப் போனார். இதையெல்லாம் அள்ளி ஓரமாகக் கொட்டிவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

விஜேந்தரின் அடிப்படை கெட்டியானது. இந்தியக் குத்துச்சண்டைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் அவருடையது. உலகப் போட்டியில் பதக்கம் பெற்ற முதல் இந்திய ஆணும் (2009, மிலான்) அவரே. 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம். தன் எடைப்பிரிவில் உலகத் தரவரிசையில் முதலிடத்திலும் இருந்தார். இதன் மதிப்பைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. 75 கிலோ என்பது கியூபாவும் முன்னாள் சோவியத் நாடுகளும் தங்கள் சிறந்த ஆட்களை இறக்கும் இடம்.

ஆனால் அவரை எடுத்துவிட்டால் என்ன குறையும்? அவருடைய சொந்த மண்ணான ஹரியாணாவின் பிவானியில் அவருக்கு முன்பே ஹவா சிங் இருந்தார். 1966, 1970 இரண்டு ஆசியப் போட்டிகளிலும் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர். ஜக்தீஷ் சிங்கின் பயிற்சிக்கூடம் இருந்தது. பெய்ஜிங்கிலேயே அகில் குமாரும் ஜிதேந்தரும் காலிறுதி வரை போனார்கள். தயாராகிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தின் முன்வரிசையில் நின்றவர் விஜேந்தர். கதவு திறக்கிற நேரம் வந்திருந்தது, கை அவருடையதாக இருந்தது.

2015-ல் அவர் தொழில்முறைக் குத்துச்சண்டைக்காக பிரிட்டனுக்குப் போனார். அந்த அக்டோபரில் மான்செஸ்டரில் முதல் சண்டை. மொத்தம் 14 சண்டை, 13 வெற்றி. காகிதத்தில் அழகான கணக்கு. எதிரே நின்றவர்களின் பெயரைப் படித்தால் அழகு குறையும். உலகப் பட்டத்துக்கு அருகில் இருந்த ஒருவரோடும் அவர் மோதவில்லை. பிரிட்டனில் ஒரு சாம்பியனை அளக்கும்போது யாரை அடித்தான், யாரைத் தவிர்த்தான் என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு இவரிடம் நல்ல பதில் இல்லை. ஒரே தோல்வி, 2021-ல் கோவாவில் ஒரு கேசினோ கப்பலின் மேல்தளத்தில் வந்தது. இந்தியாவில் தொழில்முறைக் குத்துச்சண்டையை அவர் வேரூன்ற வைப்பார் என்று நானும் நம்பியவன். அவர் நின்றதும் அந்தப் பேச்சும் நின்றுபோயிற்று.

மேரியின் கணக்கிலும் ஓட்டை உண்டு. உலகப் போட்டிகளில் ஆறு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். அதில் முதல் சில தங்கங்கள் பெண்கள் போட்டி பிறந்து நடைபழகிய காலத்தவை; முதல் உலகப் போட்டியே 2001-ல்தான் நடந்தது. எல்லா நாடுகளும் வரிந்துகட்டி இறங்காத களம் அது. அதோடு அவர் தனி மரமும் அல்ல. 2006 தில்லி உலகப் போட்டியில் இந்தியாவுக்கு நான்கு தங்கம்: மேரி, சரிதா தேவி, ஜென்னி, கேரளத்தின் கே.சி. லேகா. பக்கத்து மாநிலத்து லேகாவை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? (1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய நம் சென்னை வி. தேவராஜனையே தெரியாது, அது வேறு வருத்தம்.) வெளிச்சம் முழுவதும் ஒரே ஆள்மேல் விழுந்தது, அந்த ஆளும் நகர்ந்து இடம் கொடுத்ததாகத் தெரியவில்லை. 2019-ல் நிக்கத் ஜரீன் ஒலிம்பிக் தகுதிக்கு ஒரு தேர்வுச் சண்டை கேட்டபோது, யார் அந்த நிக்கத் என்றார் மேரி. சண்டை நடந்தது, 9-1 என்று வென்றார், ஆனால் கை கொடுக்கவில்லை. 2023-ல் மல்யுத்த வீராங்கனைகளின் புகாரை விசாரித்த மேற்பார்வைக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அறிக்கை முழுதாக வெளியிடப்படவில்லை. அதே விவகாரத்தில் விஜேந்தர் வீராங்கனைகள் பக்கம் வெளிப்படையாகப் பேசினார். இந்த இடத்தில் மதிப்பெண் விஜேந்தருக்கே.

இத்தனையையும் கழித்த பிறகும் என் தீர்ப்பு மேரி பக்கம்தான். காரணம், தங்கத்தின் எண்ணிக்கை அல்ல, அவர் நின்ற ஆண்டுகள். 2001-ல் சென்னையில் நடந்த பெண்கள் தேசியப் போட்டியில் வென்றவர், 2019-லும் உலகப் பதக்கம் வாங்கினார். அதில் முதல் பதினோரு ஆண்டுகள் அவர் விளையாட்டுக்கு ஒலிம்பிக்கே கிடையாது. இரட்டைக் குழந்தைகள் பிறந்த பிறகு திரும்பி வந்து 2008-ல் நிங்போவில் தங்கம். பிறகு 2018 தில்லியில் ஆறாவது தங்கம். வயது 36-ஐத் தொட்டிருந்தது, களமும் நிரம்பிவிட்டிருந்தது. முதல் தங்கங்களின் மேல் வைத்த சந்தேகத்துக்கு இந்தக் கடைசித் தங்கம் பதில். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாத காலத்தில் ஒரு விளையாட்டை அணையாமல் வைத்திருந்தது அவருடைய வேலை. விஜேந்தரை எடுத்துவிட்டால் அகிலோ ஜிதேந்தரோ அந்த இடத்துக்கு வந்திருக்கலாம். மேரியின் 18 ஆண்டுகளுக்கு அப்படி ஒரு மாற்று ஆளைச் சொல்ல என்னால் முடியவில்லை.

பின்னால் வந்தவர்களையும் பாருங்கள். 2008-க்குப் பிறகு எந்த இந்திய ஆணும் குத்துச்சண்டையில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கவில்லை. மேரிக்கு அடுத்து 2021-ல் டோக்கியோவில் வெண்கலம் வாங்கியவர் லவ்லினா. 2022-ல் இஸ்தான்புல்லில் உலகத் தங்கம் வென்றவர், யார் என்று கேட்கப்பட்ட அதே நிக்கத்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். 2023-ல் தில்லியில், மேரியின் அதே 48 கிலோவில் உலகத் தங்கம் வென்ற நீது கங்காஸ் பிவானிக்காரி. விஜேந்தர் வளர்ந்த ஜக்தீஷ் சிங்கின் கூடத்தில் பயின்றவர். 2025-ல் லிவர்பூலில் தங்கம் வென்ற ஜாஸ்மின் லம்போரியாவும் பிவானிதான், ஹவா சிங் குடும்ப வழியில் வந்தவர். டீக்கடையில் விஜேந்தர் கட்சிக்காரர் இந்த இரண்டு தங்கத்திலும் பங்கு கேட்டால் மறுக்க மாட்டேன். பாதி தருவேன்.