ஆறு அறுக்கும் இடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. ஏரலில் தாமிரபரணி அறுத்துக்கொண்டு போனது, உயர்மட்டப் பாலத்தை ஊரோடு சேர்க்கும் இணைப்புச் சாலையை. அதே இரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் முடங்கியது. தண்டவாளம் இருந்தது, அதைத் தாங்கிய ஜல்லியும் மண்ணும்தான் கரைந்து போயிருந்தன. கம்பிகள் அந்தரத்தில் தொங்கிய படத்தைத் தமிழ்நாடே பார்த்தது.

வயதான பாலங்களை இடித்துவிட்டு, வெளியே வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பாகங்களைப் பூட்டி, மாதக் கணக்கு வேலையை நாள் கணக்கில் முடிக்கலாம் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. அந்தப் பேச்சை எடைபோட, மேலே இருந்தது நிற்க அதைத் தாங்கிய மண் மட்டும் போன இந்த இரண்டு இடங்களையும் விட நல்ல தராசு தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் எனக்குக் கிடைக்கவில்லை.

முறையின் பலத்தை முதலில் சொல்ல வேண்டும், அது சின்னப் பலமில்லை. தாமிரபரணிக்குத் தென்மேற்குப் பருவமழையிலும் தண்ணீர் வரும், வடகிழக்கிலும் வரும். ஆற்றுக்குள் இறங்கி நிம்மதியாக வேலை பார்க்கக் கிடைப்பது தை பிறந்ததிலிருந்து வைகாசி வரை, அவ்வளவுதான். வழக்கமான முறையில் தளம் போடுவதென்றால் ஆற்று மணலில் முட்டுக்கொடுத்து, சென்டரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டி, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க வைத்திருக்கும் கணக்கே 28 நாள். இடையில் பாபநாசம் அணையிலோ மணிமுத்தாறு அணையிலோ தண்ணீர் திறந்தால் சாரத்தோடு எல்லாம் போகும். உத்திரங்களை வெளியிலேயே வார்த்து வைத்துக்கொண்டு, தூண்கள் தயாரானதும் கிரேனால் தூக்கி வைப்பதில் அந்த ஆபத்து இல்லை. தூண் வேலையும் உத்திர வேலையும் ஒரே சமயத்தில் நடக்கும். ஐந்து மாதப் பருவத்துக்குள் ஒரு பாலத்தை அடக்க நினைப்பவருக்கு இது பெரிய வரம்.

தரத்திலும் லாபம் உண்டு. நெல்லை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் வல்லநாட்டுப் பாலம் வயதான பாலமில்லை. திறந்து சில ஆண்டுகளுக்குள் அதன் தளத்தில் ஓட்டை விழுந்தது, அடைத்த பிறகும் பழுது ஓயவில்லை. காரணம் எதுவானாலும், வெயிலில் நின்று அவசரமாகக் கொட்டிய கான்கிரீட்டைக் காட்டிலும், அச்சில் வார்த்து, நீராவியில் பதப்படுத்தி, தூக்கும் முன்னரே சோதித்துப் பார்த்த பலகையை நான் அதிகம் நம்புவேன். ஒரு பலகை சோதனையில் தேறவில்லை என்றால் ஒதுக்கிவிடலாம். ஆற்றின்மேல் வார்த்த தளத்தை என்ன செய்வது?

ஆனாலும் அந்தப் பலகைகளைச் சேர்க்கும் இணைப்புகள் களத்தில்தான் போடப்படுகின்றன. தண்ணீர் இறங்குவதும் கம்பி துருப்பிடிப்பதும் அங்கேதான் தொடங்கும். தொழிற்சாலையின் துல்லியம் முழுவதும் கடைசியில் அந்த நாலு விரல் இடைவெளியை நிரப்புகிறவரின் கையில் வந்து நிற்கிறது. உத்திரங்களைச் சுமந்து வருவதும் எளிதல்ல. 30 மீட்டர் உத்திரம் ஏற்றிய லாரி நான்குவழிச் சாலையில் வரும், வயலுக்கு நடுவே வளைந்து போகும் ஊர்ச் சாலையில் திரும்பாது.

வேகத்துக்கு உலகம் காட்டும் பெரிய எடுத்துக்காட்டு அமெரிக்காவின் பாஸ்டன் அருகே 2011-இல் நடந்தது. ஒரே நெடுஞ்சாலையில் 14 பாலங்களைப் பத்து வார இறுதிகளில் மாற்றினார்கள். திங்கள் காலை வண்டிகள் வழக்கம்போல ஓடின. வியக்கத்தக்க வேலை, சந்தேகமில்லை. அங்கே மாறியது மேற்கட்டுமானம் மட்டும்: இரும்பு உத்திரமும், அதோடு சேர்த்து முன்பே வார்த்த கான்கிரீட் தளமும். கால்கள் பழைய கால்களே. இந்த ஒரு விவரத்தை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் நம்மைத் தவறான இடத்துக்கு அழைத்துப் போகிறார்கள்.

ஏனென்றால் நம் ஆறு தாக்குவது காலையும் கரையையும்தான். தாமிரபரணியில் மணல் எடுத்தது போதும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010-இல் ஐந்தாண்டுத் தடை விதித்தது. அதற்குள் ஆற்றின் படுகை எவ்வளவோ இறங்கிவிட்டது. படுகை இறங்கினால் அஸ்திவாரம் வெளியே தெரியும், வெள்ளம் அதைச் சுற்றித் தோண்டும். அப்படிப்பட்ட பழைய தூணின்மேல் ஒரே வாரத்தில் புதுத் தளத்தை ஏற்றுவது, பல் ஆடும்போது தங்கத் தொப்பி மாட்டுவது போன்றது.

பழைய பாலத்தை இடிக்காத வழியும் உண்டு. நெல்லையையும் பாளையையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. அந்தப் பெயருக்குரிய சிரஸ்தார் தன் சொந்தப் பணத்தில் கட்டியது, 11 வளைவுகள். 1869 வெள்ளம் சில வளைவுகளைக் கொண்டுபோனது. திரும்பக் கட்டினார்கள், பின்னாளில் அகலப்படுத்தினார்கள், இன்றும் அதன்மேல் பஸ் ஓடுகிறது. நெரிசல் தாங்காதபோது அதை இடிக்கவில்லை, பக்கத்திலேயே இன்னொரு பாலம் கட்டினார்கள். அதற்காகப் பழைய பாலத்தை மூட வேண்டிய தேவை இல்லை. கரையில் இடம் இருக்கும்போது வேகத்துக்கான தேவையே பாதி குறைந்துவிடுகிறது.

வேகம் மட்டும் இருந்து மற்றது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். லெவல் கிராசிங்குகளை மூட ரயில்வே போடும் சுரங்கப்பாதைகளில் பல முன்வார்த்த கான்கிரீட் பெட்டிகள்தான். சில மணி நேரம் ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைப் பிரித்து, மண்ணை வெட்டி, பெட்டிகளை இறக்கி, மறுபடி ரயில் விட்டுவிடுகிறார்கள். பெட்டியில் குறையில்லை. மழை பெய்தால் பலவற்றில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது, பள்ளிப் பிள்ளைகள் தண்டவாளத்தின்மேல் ஏறிக் கடக்கிறார்கள். தண்ணீர் போகும் வழியைப் பற்றி யோசிக்க அந்தச் சில மணி நேரத்தில் இடமில்லை, அதற்கு முந்தைய மாதங்களில்தான் இருந்தது.

இந்த முன்வார்ப்பு முறை முழுவதுமாகப் பொருந்தும் இடம் ஆறு அல்ல, கால்வாய்கள். கோடகன், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், கன்னடியன், மருதூர் மேலக்கால், கீழக்கால் என்று இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கால்வாய்களும் அவற்றின்மேல் சிறுபாலங்களும். பிசானம் அறுவடை முடிந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும்வரை கால்வாய் காய்ந்து கிடக்கும். அந்தக் கோடையில் பழைய சிறுபாலத்தை எடுத்துவிட்டு முன்வார்த்த பெட்டியை இறக்கினால், ஜூனில் வரும் தண்ணீர் புதுப்பாலத்துக்குக் கீழே ஓடும். பல சிறுபாலங்களுக்கு ஒரே அளவு அச்சு போதும், அச்சுச் செலவும் பங்கிடப்படும். பெட்டிகள் சிறியவை, சாதாரண லாரியில் வந்துவிடும்.

ஆகவே என் தீர்ப்பு: கால்வாய்ச் சிறுபாலங்களுக்குத் தயக்கமே வேண்டாம். ஆற்றுப் பாலங்களுக்குத் தளமும் உத்திரமும் முன்வார்ப்பாகவே இருக்கட்டும், ஆனால் பழைய தூண்களைத் தக்கவைக்கும் எந்தத் திட்டமும் படுகையைத் தோண்டி அஸ்திவாரத்தைக் கண்ணால் பார்த்த பிறகே ஒப்புதல் பெற வேண்டும். தளத்தில் மிச்சமாகும் மாதங்களை இணைப்புச் சாலைக்குச் செலவிட வேண்டும்: கரையோரம் மண்மேட்டுக்குப் பதிலாக இன்னும் இரண்டு கண்கள், மீதி மேட்டுக்குக் கல் பதித்த சரிவு, அடியில் ஆழமான தடுப்புச் சுவர். ஏரலில் ஆறு தனக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று காட்டிவிட்டது. அடுத்த பாலத்தின் நீளத்தை அந்த அளவிலிருந்து தொடங்கி வரைய வேண்டும்.