உள்ளே, வெளியே

மங்காத்தாவுக்கு யாரும் ஒழுங்காக விமர்சனம் எழுதியதாகத் தெரியவில்லை. 2011-ல் வந்த அஜீத் படத்துக்கு நிறைய எழுதிவிட்டார்கள். நான் சொல்வது சீட்டாட்டத்தை.

குமாரபாளையத்திலிருந்து ஒரு வாசகர், முப்பது வருஷம் பவர்லூமில் தறி ஓட்டியவர், எழுதியிருக்கிறார்: 'பிளாக்ஜாக் அது இதுன்னு வெள்ளைக்காரன் ஆட்டத்தைப் பத்தியெல்லாம் எழுதறீங்க. வாரக்கூலியை வாங்கி காவேரிக் கரையில ஒக்காந்து தொலைச்சுப்போட்டு வந்தமே, அந்த ஆட்டத்தைப் பத்தி ஏனுங்க எழுதறதில்லை?'

நியாயமான கேள்வி.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ஒரு சீட்டைச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். ராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கலைத்தவர் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுவார். முதல் ராணி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்காரருக்குப் பணம். எந்தப் பக்கம் யாருக்கு என்பது ஊர்ப் பழக்கம். அவ்வளவுதான். இதைவிட எளிய சூதாட்டம் வேண்டுமென்றால் காசைச் சுண்டித்தான் போட வேண்டும்.

காசைச் சுண்டுவதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பேப்பர், பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டேன். முதல் சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் ஜெயிக்க 52 சதவிகிதம் வாய்ப்பு. மற்றதற்கு 48. சராசரியாகப் பத்துப் பதினோரு சீட்டுக்குள் முடிவு தெரிந்துவிடும், அதாவது அரை நிமிஷம். மணிக்கு 60 ஆட்டம், ஆட்டத்துக்கு 100 ரூபாய் என்று இரண்டாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால், 6,000 ரூபாய் கைமாறி, அதில் சுமார் 240 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். யாரும் ஏமாற்றாமலே! (ஏமாற்றுவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. காவேரிக் கரை சேர்த்திருக்கும்.)

இதற்கு ஐரோப்பாவில் ஒரு பெரியப்பா உண்டு. ஃபாரோ என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரபுக்கள் சொத்தை விட்டது, பிறகு அமெரிக்க மேற்கில் துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடியது எல்லாம் இதைத்தான். இரண்டு இரண்டு சீட்டாக எடுப்பார்கள். முதல் சீட்டு நடத்துபவருக்கு, இரண்டாவது ஆடுபவருக்கு. நேர்மையாக நடத்தினால் வங்கிக்கு லாபம் மிகச் சொற்பம். அதனால் சீட்டுப் பெட்டியிலேயே தில்லுமுல்லு செய்தார்கள். கடைசியில் ஆட்டமே வழக்கொழிந்தது.

நம்முடையது ஒழியவில்லை. 'அந்தர் பாஹர்' என்ற வடக்கத்திப் பெயரில் கோவா கேசினோவில் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறது. அங்கே முதலில் ஒரு சீட்டைத் திறந்து வைத்துவிட்டு அதற்கு ஜோடி தேடுவார்கள். முதல் பக்கத்துக்கு 51.5 சதவிகிதம். அந்தப் பக்கம் ஜெயித்தால் பெரும்பாலும் ரூபாய்க்கு 90 பைசாதான் தருவார்கள். காவேரிக் கரையில் கண்ணுக்குத் தெரியாத கழிவு அங்கே போர்டிலேயே எழுதியிருக்கும்.

இனி விமர்சனம். மங்காத்தாவின் சாமர்த்தியம் முழுக்க அந்த 'சீட்டைச் சொல்வதில்' இருக்கிறது. ராணி சொன்னாலும் ஏழு சொன்னாலும் கணக்கு அதேதான், இம்மி மாறாது. ஆனால் சொன்னவனுக்கு அது தன்னுடைய சீட்டு. ராசியான சீட்டு. விழுந்தால் 'நான் சொன்னேன்ல?' என்பான். விழாவிட்டால் அடுத்த தடவை ஜாக்கி சொல்வான். தோற்றவனுக்குத் தோல்வியைத் திருத்திக்கொள்ள ஒரு போலி வாய்ப்பு தருகிறது. பன்னிரண்டு மணிநேரம் தறிச் சத்தத்தில் நின்றவனிடம் வாரம் பூராவும் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. இந்த ஆட்டம் கேட்கிறது. அதுதான் இதன் கவர்ச்சி, அதுவேதான் அயோக்கியத்தனம்.

பிளாக்ஜாக் இந்த விஷயத்தில் மரியாதையானது. போன சீட்டை ஞாபகம் வைத்தவனுக்குப் பலன் உண்டு. 1962-ல் எட்வர்ட் தார்ப் என்ற கணித ஆசாமி புத்தகமே போட்டு நிரூபித்தார், கேசினோக்கள் பதறின. ரம்மியும் அப்படி. 1967-ல் சுப்ரீம் கோர்ட், விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருப்பதால் அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. மூன்று சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்றது. மங்காத்தாவில் ஒவ்வொரு தடவையும் மொத்தக் கட்டையும் கலைக்கப்படுகிறது. கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. முப்பது வருஷம் ஆடியவரும் நேற்று உட்கார்ந்தவரும் ஒன்றே.

வெங்கட் பிரபு படத்தில் என் புகாரும் இதுதான். கிரிக்கெட் சூதாட்டப் பணத்தை அடிக்க மாதக்கணக்கில் திட்டம் போடுகிற மூளைக்காரர் கதைக்கு, மூளைக்கு வேலையே இல்லாத ஆட்டத்தின் பெயர். ரம்மி என்று வைத்திருக்கலாம். விசில் வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. சந்தோஷம். நமக்கு 1930-லிருந்தே சூதாட்டச் சட்டம் இருக்கிறது. அதற்குப் பிறகும் சீட்டாடியவர்கள் கைது, கட்டுகள் பறிமுதல் என்ற நாலு வரிச் செய்தி உள்ளூர்ப் பக்கத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது. பறிமுதலான தொகையைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வாரக் கூலிதான் இருக்கும்.