பட்டை ஒட்டுவது யார்?

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் செய்யும் அண்ணாச்சி ஒருவரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள்.

சரக்கில் குறை சொல்ல முடியாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. அண்ணாச்சியின் மகன் கம்ப்யூட்டர் படித்தவன். கடைப் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, மாத வாடகைக்கு ஒரு சர்வர் பிடித்து, சொந்தமாக மெயில் சர்வரும் நிறுவிவிட்டான். போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் போன்ற மென்பொருள்கள் இலவசம். துபாயில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் விலை கேட்கிறார். அண்ணாச்சி விலைப்பட்டியலை மெயிலில் அனுப்புகிறார். ஒரு வாரம் பதிலே இல்லை. போன் போட்டால், 'நீங்க எங்க அண்ணாச்சி அனுப்புனீங்க? ஒண்ணும் வரலியே' என்கிறார் துபாய்க்காரர்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அண்ணாச்சி அனுப்பியது உண்மை. துபாய்க்காரர் பார்க்காததும் உண்மை. கடிதம் ஜிமெயிலின் ஸ்பாம் பெட்டிக்குள், லாட்டரி மோசடிகளுக்கும் வழுக்கைத் தலைக்கு மருந்து விற்பவர்களுக்கும் நடுவே கிடக்கிறது. முப்பது நாள் கழிந்தால் தானாகவே அழிந்துவிடும்.

கற்பனை அண்ணாச்சிதான். ஆனால் சொந்தமாக மெயில் சர்வர் நடத்திப் பார்த்த யாரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள். இந்த வார விமர்சனம் ஒரு புத்தகத்தைப் பற்றியோ சினிமாவைப் பற்றியோ அல்ல, அந்த ஸ்பாம் பெட்டியின் வாசலில் நிற்கும் காவல்காரரைப் பற்றி.

மெயில் என்பது பிறவியிலேயே வெள்ளந்தியான ஒரு ஏற்பாடு. அதன் விதிமுறையை 1982-ல் எழுதியவர் ஜான் போஸ்டல் (பெயரிலேயே போஸ்ட் இருக்கிறது, கவனித்தீர்களா?). எஸ்.எம்.டி.பி. என்று பெயர். ஒரு சர்வர் இன்னொரு சர்வரின் கதவைத் தட்டி 'ஹலோ' என்கும். 'நான் இன்னாரிடமிருந்து வருகிறேன், இன்னாருக்குக் கடிதம்' என்கும். எதிராளி '250, சரி' என்று வாங்கிக்கொள்வான். 'நீ சொல்கிற இன்னார் நிஜமாகவே நீதானா?' என்று கேட்கும் வழக்கமே கிடையாது. ஆராய்ச்சிக்கூடங்களில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் உபயோகித்த காலம் அது. கிராமத்தில் யாரும் கதவைத் தாழ் போடாமல் தூங்கிய மாதிரி.

திருடன் வராமலா இருப்பான்? 1978-லேயே, எஸ்.எம்.டி.பி. பிறப்பதற்கு முன்பே, ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை ஆசாமி நானூறு பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பித் திட்டு வாங்கினார். அதற்கப்புறம் வெள்ளம். 2024-ல் உலகத்தில் ஓடிய மெயில்களில் கிட்டத்தட்ட 47 சதவிகிதம் குப்பை என்கிறது கேஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் கணக்கு. அதாவது, தபால்காரர் பையில் ஏறக்குறைய இரண்டில் ஒன்று குப்பைக் கடிதம். வாசலில் காவல் போட்டது தப்பே இல்லை. அது இல்லாவிட்டால் நீங்களும் நானும் என்றோ மெயிலைக் கைகழுவியிருப்போம்.

காவல் என்னவென்றால், முத்திரைகள். உங்கள் டொமைனின் பெயரில் கடிதம் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்று ஊரறிய எழுதி வைக்கும் பட்டியல் ஒன்று: எஸ்.பி.எஃப். கடிதத்தை வழியில் யாரும் திருத்தவில்லை என்பதற்கு டிஜிட்டல் கையெழுத்து ஒன்று: டி.கே.ஐ.எம். இரண்டும் பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்று டொமைன்காரரே சொல்லி வைக்கும் அறிவிப்பு: டிமார்க். இவை தவிர, சர்வரின் ஐ.பி. எண்ணைத் திருப்பிக் கேட்டால் அது சரியான பெயரைச் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து, நாளுக்கு ஐயாயிரம் கடிதங்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் இத்தனையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. யாஹூவும் அப்போதே சேர்ந்துகொண்டது. 2025-ல் மைக்ரோசாஃப்டும் அதே வழிக்கு வந்தது.

இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. விதி வெளிப்படையாக இருக்கிறது. அண்ணாச்சியின் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடித்துவிடுவான்.

தகராறு இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. எல்லா முத்திரையும் சரியாக இருந்தும் கடிதம் ஸ்பாமுக்குப் போகலாம். காரணம், 'நற்பெயர்' என்று ஒன்று. உங்கள் ஐ.பி. எண்ணுக்கும் டொமைனுக்கும் கூகுள் ரகசியமாக ஒரு மதிப்பு வைத்திருக்கிறது. நீங்கள் வாடகைக்கு எடுத்த எண்ணில் போன வருஷம் ஒரு மோசடிக்காரன் குடியிருந்திருந்தால் அவன் பாவம் உங்கள் கணக்கில். பக்கத்து எண்களில் போக்கிரிகள் இருந்தாலும் அப்படித்தான், சில சமயம் தெருவையே கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். சரி, புதிதாக நற்பெயர் சம்பாதிக்கலாம் என்றால், அதற்கு உங்கள் கடிதங்களை நாலு பேர் திறந்து படிக்க வேண்டும். ஸ்பாம் பெட்டியில் கிடப்பதை யார் திறப்பார்கள்? பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

நம் கடிதங்களின் கதி என்ன என்று பார்க்கவாவது வழி உண்டா? உண்டு. 'போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ்' என்று கூகுளே ஒரு பலகை வைத்திருக்கிறது. ஆனால் நிறையக் கடிதம் அனுப்புகிறவர்களுக்குத்தான் அதில் விவரம் தெரியும். நாளுக்கு இருபது கடிதம் அனுப்பும் அண்ணாச்சி போய்ப் பார்த்தால் பலகை காலியாக இருக்கும். பெயிலாக்கிவிட்டார்கள், மார்க் ஷீட் மட்டும் தர மாட்டார்கள்.

இதிலெல்லாம் என்னை அதிகம் உறுத்துவது அந்த '250, சரி'தான். முகத்துக்கு நேரே '550, வாங்க மாட்டேன்' என்று திருப்பி அனுப்பினால் அனுப்பியவனுக்கு விஷயம் தெரியும், போன் பண்ணுவான், வாட்ஸப்பில் அனுப்புவான். 'சரி' என்று சிரித்து வாங்கிப் பரணில் போட்டால்? அனுப்பியவன் சேர்ந்துவிட்டது என்று நம்புவான். பெறுகிறவன் வரவே இல்லை என்று நம்புவான். நடுவில் ஒரு வியாபாரம் செத்துப்போகும், ஒருவருக்கும் தெரியாமல்.

நம் தபால் இலாகாவைப் பற்றி ஆயிரம் குறை சொல்வோம். ஆனால் அதற்கு ஒரு நேர்மை இருந்தது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கிராமம். கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி என்று இரண்டு பெரிய எழுத்தாளர்களைத் தந்த கரிசல் மண். அழகிரிசாமி பிழைப்புக்குச் சென்னை போனார், 1950-களில் மலேயா போனார், ஊரில் இருந்த நண்பர் கி.ரா.வுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். அந்தக் கடிதங்கள் பின்னால் புத்தகமாகவே வந்தன. அனுப்புகிறவர் எத்தனை கடிதம் போடுகிற ஆள், அவர் குடியிருக்கும் தெரு எப்படிப்பட்டது என்றெல்லாம் தபால்காரர் விசாரித்திருந்தால் தமிழுக்கு அந்தப் புத்தகம் கிடைத்திருக்காது. விலாசம் இருக்கிறதா, ஸ்டாம்ப் இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. ஸ்டாம்ப் இல்லையென்றால்கூட 'நாட்பெய்டு' என்று இரண்டு மடங்கு காசு கேட்பார்களே தவிர, கடிதம் வந்ததை மறைக்க மாட்டார்கள். ஆள் இல்லை, வாங்க மறுத்தார் என்று காரணம் எழுதித் திருப்பி அனுப்புவார்கள்.

அது சரி, மெயிலில் இவ்வளவு குப்பை இருக்கும்போது தபால் நியாயம் செல்லுமா என்று கேட்பீர்கள். அப்படியானால் தபாலை விடுங்கள், கோவில்பட்டியின் இன்னொரு சரக்குக்கு வருகிறேன். தீப்பெட்டி.

1922-ல் சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து, தீப்பெட்டி செய்ய ஆரம்பித்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று மானம் பார்த்த பூமி முழுக்கப் பரவியது. எதிரில் ஸ்வீடன் நாட்டு மூலதனத்தோடு விம்கோ. சென்னைக்காரர்களுக்கு மெட்ரோ ரயிலின் வடகோடியில் விம்கோ நகர் தெரியும், அந்த விம்கோதான். இயந்திரம், பணம், விநியோகம் எல்லாம் அவர்கள் பக்கம். கரிசல்காட்டில் இருந்தது கை மட்டும்.

1934-ல் வெள்ளைக்கார அரசு தீப்பெட்டிக்குக் கலால் வரி போட்டது. வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியின்மேல் ஒரு காகிதப் பட்டை ஒட்ட வேண்டும். 'பேண்டரோல்' என்பார்கள். பட்டை இல்லாத பெட்டி தொழிற்சாலையைத் தாண்டக்கூடாது. மெயிலின் டி.கே.ஐ.எம். கையெழுத்துக்குப் பெரியப்பா மாதிரி. ஆக, முத்திரை கேட்பது நம் ஊருக்குப் புதிதல்ல. சின்னவர்களும் ஒட்டினார்கள், பெரியவர்களும் ஒட்டினார்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. பட்டையை அச்சடித்துக் கொடுத்தது அரசாங்கம். விம்கோ அல்ல. விதி அச்சில் இருந்தது. அநியாயம் என்று பட்டால் மனுக் கொடுக்கலாம், எம்.எல்.ஏ.வைப் பார்க்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் சுதந்திரத்துக்குப் பிறகு உற்பத்தி அளவுப்படி தொழிற்சாலைகளைப் பிரித்து, சின்னவர்களுக்கு வரியில் சலுகை கிடைத்தது. கையால் செய்த தீப்பெட்டி இயந்திரத்தோடு மோதி நின்றதற்கு அந்தச் சலுகை ஒரு முக்கியமான காரணம்.

இப்போது யோசியுங்கள். பட்டை அச்சடிக்கும் அதிகாரத்தை அன்றைக்கு விம்கோவிடமே கொடுத்திருந்தால்? 'உன் பெட்டி எனக்குத் திருப்தியில்லை, காரணம் சொல்ல மாட்டேன்' என்று விம்கோ சொல்லியிருந்தால்? கோவில்பட்டியில் ஒரு தீக்குச்சி செய்திருக்க முடியுமா?

மெயிலில் இன்று நடப்பது அதுதான். கடிதத்தை ஏற்பதா என்று தீர்ப்புச் சொல்லும் கூகுளும் மைக்ரோசாஃப்டுமே மாதச் சந்தாவுக்கு மெயில் வசதியும் விற்கிறார்கள். சின்னவர்களை ஒழிக்க வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் இருக்கும் இன்ஜினீயர்கள் குப்பையோடு ராப்பகலாகப் போராடுகிறார்கள். ஆனால் முடிவு என்ன? 'எதுக்கு அண்ணாச்சி வம்பு, பேசாம அவங்ககிட்டயே ஒரு கணக்கு வெச்சுக்கோங்க' என்றுதான் எல்லோரும் புத்தி சொல்கிறோம். தீப்பெட்டி செய்வதை விட்டுவிட்டு விம்கோ ஏஜென்சி எடு என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான்.

பெரியவர்களிடம் போய்விட்டால் நிம்மதி என்றும் சொல்வதற்கில்லை. 2025 ஜூலையில் குஜராத்தில் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா நிறுவனத்துக்கு, ஐரோப்பியத் தடையைத் தொடர்ந்து, மைக்ரோசாஃப்ட் சேவை திடீரென்று நின்றது. காசு கொடுத்து வாங்கிய மெயில் திறக்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், பிறகு சேவை திரும்பியது. நயாராவுக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. ஜோஹோ கோடிக்கணக்கானவர்கள் உபயோகிக்கும் நிறுவனம், தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில்கூட அதன் அலுவலகம் இருக்கிறது. 2018 செப்டம்பரில், அதன் மெயில் வழியாக மோசடிக் கடிதம் போனதாகச் சில புகார்கள் வந்ததும், டொமைனைப் பதிந்து கொடுத்த அமெரிக்க கம்பெனி டொமைனையே நிறுத்திவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு ஜோஹோ என்று ஒன்று உலகத்தில் இல்லை. ஸ்ரீதர் வேம்பு டிவிட்டரில் வந்து உதவி கேட்கும்படி ஆயிற்று. அவர் கேட்டதால் சரி செய்தார்கள். அண்ணாச்சி கேட்டால்?

எஸ்.எம்.எஸ்.ஸுக்கு நம் நாட்டில் டிராய் இருக்கிறது. 2018-ல் வணிகச் செய்திகளுக்கு விதி எழுதினார்கள், பதிவு முறை கொண்டுவந்தார்கள். குறைகள் உண்டு, இன்னமும் கடன் வேண்டுமா என்று செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் விதி அரசிதழில் இருக்கிறது, திட்டுவதற்கு ஒரு விலாசம் இருக்கிறது. வேலைக்கு உத்தரவும் கோர்ட் நோட்டீஸும் மெயிலில் வரும் இந்தக் காலத்தில், மெயிலுக்கு மட்டும் அந்த விலாசம் இல்லை.

வடிகட்டியை எடுத்துவிடச் சொல்லவில்லை. மூன்றே விஷயம்தான் கேட்கிறேன். ஒன்று, முத்திரைகள் சரியாக இருக்கும் கடிதத்தை ஒதுக்குவதாக இருந்தால், ஒதுக்கினேன் என்று அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். மோசடிக்காரன் அதை வைத்துத் தந்திரம் கற்றுக்கொள்வான் என்பார்கள். டொமைனைச் சொந்தப் பெயரில் பதிந்து, நாளுக்கு இருபது கடிதம் அனுப்பும் மிட்டாய்க் கடையிடம் அந்த பயம் வேண்டாம். இரண்டு, சின்னவர்களுக்கும் விவரத்தைக் காட்ட வேண்டும். மூன்று, முறையிட ஒரு மனிதரும், பதில் சொல்ல ஒரு கெடுவும் வேண்டும். இதைக் கம்பெனிகள் தாமாகச் செய்யாது. தீப்பெட்டிக்குச் செய்த மாதிரி, அரசாங்கத்தை நச்சரித்துத்தான் வாங்க வேண்டும்.

அதுவரை ஒரு உபகாரம் செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு முறை உங்கள் ஸ்பாம் பெட்டியைத் திறந்து பாருங்கள். லாட்டரிக்காரர்களுக்கு நடுவில் நியாயமான கடிதம் ஒன்று கிடந்தால், 'இது ஸ்பாம் இல்லை' என்ற பட்டனை அழுத்துங்கள். அனுப்பியவருக்கு ஒரு மதிப்பெண் கூடும். அப்புறம் மறக்காமல் அவருக்குப் பதில் போடுங்கள், பாவம், ரொம்ப நாளாகக் காத்துக்கொண்டிருப்பார்.