கற்பிட்டிக் கிணறும் கருதுகோட் சோதனையும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழர் வழக்கு. சிறு பகுதியைக் கொண்டு முழுமையை அறிதல் என்னும் புள்ளிவிபரவியலின் அடிப்படைக் கருத்து இப்பழமொழியில் அடங்கியுள்ளது. ஆயின், பானை முழுவதும் ஒரே சீராகக் கொதித்திருந்தாலன்றி ஒரு சோறு பதம் காட்டாது. அளவீடுகளை மதிப்பிடும் கருதுகோட் சோதனைகளின் வன்மையும் மென்மையும் இவ்வுண்மையையே பெரிதும் சார்ந்து நிற்கின்றன. அவற்றை ஆராய்வதற்குப் புத்தளம் மாவட்டக் கரையிலுள்ள கற்பிட்டிக் குடாநாட்டின் கிணற்று நீர் தக்கதோர் உரைகல்லாகும்.

ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் சூழ நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலம் அது. பெய்யும் மழை மணலினூடு இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. அந்நீரை இறைத்தே மிளகாயும் வெங்காயமும் மரக்கறியும் அங்குப் பயிரிடப்படுகின்றன. பயிர் கொள்ளாது எஞ்சும் பசளையின் நைதரசன் நைத்திரேற்றாக மாறி, நீரோடு மீண்டும் கீழிறங்குகிறது. தோட்டத்துக்கு நீர் தரும் படையே குடிநீர்க் கிணற்றுக்கும் நீர் தருவது. குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே மேலெல்லை என உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. அதனை விஞ்சிய நீர், புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளியை ஏற்றுச் செல்லும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். கற்பிட்டிக் கிணறுகள் சிலவற்றில் இவ்வெல்லை கடக்கப்பட்டமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே, அளவீட்டிலிருந்து எவ்வாறு தீர்ப்புக் கூறுவது என்னும் வினா ஈண்டு ஏட்டுக் கணக்கன்று. குழந்தைகளின் நலம் பற்றியது.

இத்துறைக்கு வழி வகுத்தோர் மூவகையினர். டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிசாலையிற் பணியாற்றிய கொசெற், ‘மாணவன்’ என்னும் புனைபெயரில் 1908இல் வெளியிட்ட கட்டுரை, சிறு மாதிரிகளைக் கொண்டு இடையை ஆராயும் முறையைத் தந்தது. ரொனால்ட் பிஷர் 1925இல் வெளியிட்ட நூல், நூற்றுக்கு ஐந்து என்னும் பொருண்மை மட்டத்தை ஆய்வாளரிடையே பரப்பிற்று. நெய்மனும் ஈகன் பியர்சனும் 1933இல், உண்மையைத் தள்ளும் வழு, பொய்யைத் தள்ளாதுவிடும் வழு என இருவகை வழுக்களையும் ஒருங்கே எடைபோடும் கொள்கையை நிறுவினர். பிற்காலத்துப் பாடநூல்கள் பல இவற்றை ஒன்றாகக் கலந்து, ஐந்து வீதம் என்பதை ஆராயாது பின்பற்றும் விதியாக்கிவிட்டன. குறை அங்கேதான் தொடங்குகிறது.

விளக்கத்தின் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்யலாம். ஒரு கிராமத்தில் ஒன்பது கிணறுகள் அளக்கப்படுகின்றன. நைத்திரேற்றின் இடை 54 மில்லிகிராம். நியம விலகல் 18. “நீர் எல்லைக்குட்பட்டது” என்பதைச் சூனியக் கருதுகோளாகக் கொண்டாற் சோதனைப் பெறுமானம் 0.67 ஆகும். கருதுகோளைத் தள்ளுவதற்கு அது 1.86ஐக் கடத்தல் வேண்டும். கடக்கவில்லை, ஆகவே “எல்லை மீறப்பட்டதற்குச் சான்றில்லை” என்று அறிக்கை எழுதப்படும். இனி, “நீர் எல்லையை எட்டியது அல்லது கடந்தது” என்பதையே சூனியக் கருதுகோளாகக் கொள்வோர், அதனையும் தள்ள இயலாமையைக் கண்டு, “நீர் நன்றென்பதற்குச் சான்றில்லை” என்று எழுதுவர். அளவீடு ஒன்றே, தீர்ப்போ இரண்டு. எக்கருதுகோளுக்கு முன்னுரிமை தரப்பட்டது என்பதே இவ்வேற்றுமைக்குக் காரணம்.

சூனியக் கருதுகோளைத் தெரிவு செய்தல் நிரூபிக்கும் பொறுப்பை யார்மேற் சுமத்துவது என்பதைத் தெரிவு செய்தலாகும். நீதிமன்றத்திற் குற்றம் சாட்டப்பட்டவர் குற்றம் நிறுவப்படும்வரை நிரபராதியே. அச்சலுகை நீருக்கும் உரியதோ? நல்ல நீரைத் தீயதென்று தள்ளின் வேற்றிடத்து நீரைத் தேடும் செலவு நேரும். தீய நீரை நல்லதென்று கொள்ளின் குழந்தை நோயுறும். இவ்விரு இழப்புகளும் சமமல்ல என்பது வெளிப்படை. சமமல்லாத இழப்புகளுக்கிடையே ஐந்து வீதம் என்னும் பழக்கம் நடுவராக இருத்தல் பொருந்தாது.

“சான்றில்லை” என்பது “தீங்கில்லை” என்பதன்று. முற்கூறிய இடையும் விலகலும் மாறாதிருக்க, ஒன்பது கிணறுகளுக்குப் பதில் 81 கிணறுகள் அளக்கப்படின், பெறுமானம் 2 ஆகி, மீறல் உறுதிப்படும். நீரின் தன்மை இரு நிலையிலும் ஒன்றே. சோதனையின் நுண்மையே வேறு. குறைவாக அளப்பவருக்கு நல்ல செய்தி கிடைக்கும் முறை நேர்மையான முறையாகாது.

வேறு குறைகளும் உள. நைத்திரேற்று அளவுகள் இடையின் இருபுறமும் சமச்சீராகப் பரவுவது அரிது; பல கிணறுகளிற் சிறிதாகவும் சிலவற்றில் மிகப் பெரிதாகவும் காணப்படுவதே இயல்பு. தோட்டத்தை அடுத்த கிணறுகளைத் தூரத்துக் கிணறுகளோடு ஒப்பிடுமிடத்து, வில்கொக்சன் 1945இல் வகுத்த தரவரிசைச் சோதனை இவ்விடர்ப்பாட்டை ஓரளவு தணிக்கும். ஆயின், அருகருகே உள்ள கிணறுகள் ஒரே நீர்ப்படையைப் பகிர்வன. அவற்றை ஒன்றையொன்று சாராத அளவீடுகளாக எண்ணும் பிழையை எச்சோதனையும் தானாக நீக்காது. வடகீழ்ப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளப்பதாயின், அதே கிணறுகளைச் சோடியாக ஒப்பிடுதலே முறை. அலகையும் மறத்தலாகாது: நைத்திரேற்றாக 50 என்பது நைதரசனாக 11.3 ஆகும். இரண்டையும் மயக்கின் எந்தச் சோதனையும் பயன்படாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிராமத்தின் சராசரி நீரை எவரும் குடிப்பதில்லை. ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் கிணற்று நீரையே குடிக்கின்றனர்.

இவற்றாற் கருதுகோட் சோதனை தள்ளத்தக்கது என்று கொள்ளுதல் தவறு. தற்செயலான ஏற்றத்தாழ்வைக் கண்டு காரணம் கற்பிக்கும் மனித இயல்புக்கு அது நல்லதொரு கடிவாளம். அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கையும், பொருண்மை எல்லையைக் கடந்தமை ஒன்றை மட்டும் கொண்டு அறிவியல் முடிவோ கொள்கை முடிவோ எடுத்தலாகாது என்றே எச்சரித்தது. எடுத்துக்காட்டிலுள்ள ஒன்பது கிணறுகளின் இடைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கை ஆயிடை ஏறத்தாழ 40 முதல் 68 வரையாகும். இதனை வெளிப்பட எழுதினால், நீர் நன்றாகவும் இருக்கலாம், எல்லையைப் பெரிதும் கடந்ததாகவும் இருக்கலாம் என்பதை ஊரவரும் உணர்வர். மேலும் அளக்க வேண்டிய தேவையும் புலப்படும்.

ஆகவே, கற்பிட்டியிலாயினும், நைத்திரேற்றுச் சிக்கல் கொண்ட யாழ்ப்பாணத்திலாயினும், குடிநீரை அளக்கப் புகுவோர் கிணற்றில் வாளி இடுமுன்னரே சூனியக் கருதுகோளையும், அஞ்சத்தக்க வழுவையும், வேண்டிய கிணற்றுத் தொகையையும் எழுதி வைத்தல் கடன். குடிநீரைப் பொறுத்தவரை நன்மையே நிறுவப்பட வேண்டியது. தீமை நிறுவப்படும்வரை காத்திருத்தல் அறிவுடைமையாகாது. கணிதம் தீர்ப்புக்குத் துணை நிற்கும். தீர்ப்பின் பொறுப்போ அளப்பவரையே சாரும்.