பேஸ் கிட்டாருக்கு ஒரு சின்னப் பெட்டி

குச்சவெளிப் பக்கம் திருவிழா இரவுகளில் மேடைக்கு ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் வரும். மைதானத்தின் மறுபுறம் இருக்கும் மிக்ஸருக்குப் பக்கத்து வீட்டு லைனிலிருந்து வரும். இரண்டு எர்த்தும் கிட்டார் கேபிள் வழியே சந்தித்ததும் ஸ்பீக்கர் இரையத் தொடங்கிவிடும். நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டின் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். சவுண்ட்காரர் ஈக்யூவில் இரைச்சலை வெட்டினால் ஜி-யும் கூடவே போய்விடும். பைலாவுக்குக் காலை எழும்ப வைப்பதே பேஸ்தான், அதில் ஒரு சுரத்தை இழக்க எனக்கு மனமில்லை.

இதற்கு மருந்து டி.ஐ. பொக்ஸ். கிட்டார் சிக்னலை அது மைக் கேபிளில் போகக்கூடியதாக மாற்றிக் கொடுக்கும். கேபிள் எவ்வளவு நீண்டாலும் சத்தம் மங்காது, வழியில் ஏறும் இரைச்சலும் மிக்ஸரில் அடிபட்டுப் போகும். இன்னொரு ஜாக்கிலிருந்து மேடை அம்புக்கும் வயர் இழுக்கலாம்.

பெஹ்ரிங்கர் டி.ஐ.100 மலிவு. 9 வோல்ட் பட்டரியிலோ மிக்ஸர் தரும் ஃபான்டம் பவரிலோ இயங்கும். சத்தம் சுத்தம். ஆனால் ஃபான்டம் இல்லாத சிறிய மிக்ஸர் என்றால் பட்டரியை நம்பித்தான் ஆகவேண்டும். பாட்டு நடுவே அது இறங்கினால் பேஸ் அப்படியே மறைந்துவிடும். கனடாவின் ரேடியல் ஜே.டி.ஐ. பட்டரியோ ஃபான்டமோ கேட்பதில்லை. உள்ளே இருக்கும் ஜென்சன் டிரான்ஸ்ஃபோமர் இரண்டு பக்கத்தையும் மின்ரீதியாகப் பிரித்துவிடும். பட்டரி இல்லாத பேஸை நேரே செருகினால் மேல் சுரங்களின் கூர்மை கொஞ்சம் குறையும். விரலால் வாசிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. விலைதான் பல மடங்கு. ஊர் ஊராகப் போகும் குழு காசு சேர்த்தாவது இதையே வாங்கட்டும்.

இரண்டிலும் 'கிரவுண்ட் லிஃப்ட்' ஆளி உண்டு. இரைச்சல் கேட்டால் அதைத் தட்டுங்கள், மிக்ஸருக்குப் போகும் சிக்னல் கேபிளின் எர்த் மட்டும் விடுபடும். பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றி இரைச்சலை நிறுத்தும் வழக்கம் நம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். 1972இல் வேல்ஸின் சுவான்சியில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட 'ஸ்டோன் த குரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். உப்புக்காற்றில் ஈரமான கையோடு வாசிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூட. சவுண்ட் செக்கின்போதே ஒருவர் போய் ஒவ்வொரு பிளக்கையும் பார்த்துவிடட்டும்.