ஓதி முடித்தலும் கற்று முடித்தலும்

மதரஸாவில் கல்வி தொடங்கும் மாணாக்கர்க்கு வழிகாட்டும் அரபு நூல்களுள் ‘தஃலீமுல் முதஅல்லிம்’ புகழ் வாய்ந்தது. இதனை இயற்றியவர் இமாம் புர்ஹானுத்தீன் ஸர்னூஜி (ரஹ்) அவர்கள். ‘ஹிதாயா’ எனும் பெருநூலை யாத்தவரும், ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்தவருமான இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களின் மாணாக்கர். பதின்மூன்று அத்தியாயங்களே கொண்ட இச்சிறு நூலை இளமையில் ஓதியோர் பலர். பின்னாளில் மீண்டும் எடுத்துப் பார்ப்போர் சிலரே. மார்க்கக் கல்வி, பள்ளிப் பாடம், தொழிற்பயிற்சி ஆகிய மூன்றும் ஒருசேர நம் பிள்ளைகளின் தோள்மீது ஏறியிருக்கும் இக்காலத்தில், இந்நூலில் கொள்ளத்தக்கது எது, மறுபரிசீலனைக்குரியது எது என்று ஆராய்வது பயனுடைத்து.

நூலெழுந்த காரணத்தை ஆசிரியரே முகவுரையில் உரைக்கின்றார். தம் காலத்து மாணாக்கர் பலர் அரும்பாடுபட்டும் கல்வியை எய்தவில்லை. எய்தினும் அதன் பயனைப் பெறவில்லை. வழி தவறியதே இதற்குக் காரணம் என்பது அவர் கண்ட முடிவு. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட இக்குறை, இன்று நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொல்லப்பட்டது போலவே இருக்கின்றது.

நூலின் உயிர்நாடி எனத்தக்க பகுதி மூன்றாம் அத்தியாயத்தில் உள்ளது. மாணாக்கன் ஓர் ஆசானிடத்தும் ஒரு நூலினிடத்தும் பொறுமையுடன் நிலைத்து நிற்க வேண்டும். எடுத்த நூலைக் குறையாக விட்டுவிடலாகாது என்கிறார். ஈண்டு அவர் ஆளும் சொல் ‘அப்தர்’ என்பதாகும். வால் அறுபட்டது என்பது அதன் பொருள். இவ்வறிவுரையை நாம் நன்கு பற்றிக்கொண்டோம். ஆயின் அதே தொடரில் அடுத்து வருவதைக் கவனிக்கத் தவறினோம். ஒரு கலையில் ‘இத்கான்’ அடையுமுன் மற்றொரு கலைக்குத் தாவலாகாது என்கிறார் அவர். இத்கான் என்பது முடித்தல் அன்று. பழுதறக் கைவரப் பெறுதல். நூலுக்கு அளவுகோல் கடைசி ஏடு. கலைக்கு அளவுகோல் கைவந்த திறன். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதே நம் கல்வியின் பெரும்பிழை.

இத்கானுக்குரிய வழியையும் ஆசிரியர் ஆறாம் அத்தியாயத்தில் வகுத்துள்ளார். தொடக்க மாணாக்கனுக்குரிய ஸபக், இருமுறை திருப்பிச் சொன்னால் மனத்தில் தங்கும் அளவினதாக இருத்தல் வேண்டும். நேற்றைய பாடத்தை 5 முறையும், அதற்கு முந்தியதை 4 முறையும், அதற்கும் முந்தியதை 3 முறையும், இவ்வாறே இறங்கி 2, 1 என்றும் ஓத வேண்டும். கணக்கிட்டால், ஒரு பாடம் ஐந்து நாள்களில் பதினைந்து முறை நாவில் ஏறி இறங்குகின்றது. மனப்பாடத்தோடு அவர் நிற்கவுமில்லை. பொருளுணராமல் சுமை சுமையாக மனனம் செய்வதினும் சிறிதளவு உணர்ந்து கற்றல் மேல் என்பதும், நேர்மையுள்ள தோழனோடு வினாவியும் விடையிறுத்தும் கழிக்கும் சிறுபொழுது நெடுநாள் தனிப்படிப்பினும் சிறந்தது என்பதும் அவர் கொள்கை.

தமிழறிந்தோர்க்கு இது புதிதன்று. ஏறத்தாழ இதே காலத்தில் தமிழகத்தில் நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் இதனையே சொல்கின்றார். ஆசானிடம் கேட்டதனால் வருவது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் வருவது கால் பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது எஞ்சிய அரைப் பங்கு என்பது அவர் கணக்கு. ஒருவரையொருவர் அறியாத இரு பேராசான்கள், இரு மொழிகளில், ஒரே உண்மையைக் கண்டிருக்கின்றனர்.

நம் இல்லங்களில் நடப்பதென்ன? “முடித்துவிட்டாயா?” என்பதே பெற்றோர் பிள்ளையிடம் கேட்கும் கேள்வி. பிளஸ் டூ பயிலும் மகளின் செய்முறைப் பதிவேட்டில் படம் வரைபவர் அவளுடைய அக்காள். தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவில் பயிலும் மகன், தோழனின் ஏட்டைப் பார்த்துப் பக்கங்களை நிரப்பிவிடுகின்றான்; வீட்டில் மின்விசிறி நின்றுபோனால் வேறொருவரை அழைத்து வருகின்றான். கைப்பேசியில் கேட்ட மாத்திரத்தில் கட்டுரை வந்துவிடும் இந்நாளில், எழுதியது யார் என்ற வினாவே அற்றுப்போயிற்று.

பிள்ளைகளை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. ரஜபு மாதம் பிறந்துவிட்டால், ஷஃபானுக்குள் கித்தாபை முடித்தாக வேண்டும் என்று ஒரே அமர்வில் பத்துப் பக்கங்களை ஓடவிட்ட ஆசிரியர்களுள் நானும் ஒருவன். அந்நாள்களில் என் முன் அமர்ந்திருந்தோர்க்குக் கடைசி ஏட்டைக் கொடுத்தேன். கலையைக் கொடுத்தேன் என்று சொல்ல என் நா எழவில்லை.

தொழிற்கல்வியைத் தாழ்வாக எண்ணுவோர்க்கும் இந்நூலில் விடையுண்டு. ஒருவன் எந்நிலையில் இருக்கின்றானோ அந்நிலைக்குரிய அறிவு அவன்மீது கடமை என்பது ஸர்னூஜியின் முதல் அத்தியாயக் கருத்து. வணிகம் செய்வோன் வணிகத்தின் ஹலால் ஹராமை அறிந்தாக வேண்டும். துறவு பற்றி நூல் எழுதலாகாதா என்று இமாம் முஹம்மத் இப்னு ஹஸன் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, கொடுக்கல் வாங்கல் பற்றி எழுதியிருக்கின்றேனே என்று அவர்கள் விடையிறுத்ததாக அவர் எடுத்துக்காட்டுகின்றார். முற்காலத்தோர் முதலில் கைத்தொழில் கற்று, பின்னரே கல்வியில் இறங்கினர். பிறர் பொருளில் ஆசை வையாதிருத்தற்கு அதுவே வழி என்றும் குறிக்கின்றார். வெல்டிங் கற்கும் பிள்ளையும் கித்தாபு ஓதும் பிள்ளையும் ஒரே பாயில் அமரத்தக்கவரே.

இனி, மாறுபட வேண்டிய இடங்கள். எக்கலையைக் கற்பது என்பதை மாணாக்கன் தானே தேர்ந்துகொள்ளாமல் ஆசானிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறார். இதற்குச் சான்றாக, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தொழுகைச் சட்டம் கற்கத் தொடங்கியபோது, முஹம்மத் இப்னு ஹஸன் அவர்களை ஹதீஸ் கலைக்குத் திருப்பியதாக ஒரு செய்தியைக் கூறுகின்றார். அப்பெயர் புகழ்பெற்ற இமாம் ஷைபானியைக் குறிப்பதாயின், இது நிகழ்ந்திருக்க இயலாது. ஷைபானி மறைந்தது ஹிஜ்ரி 189இல். புகாரி பிறந்தது 194இல். செய்தியின் உட்கருத்தை மட்டும் கொள்ளினும், அவ்வாசான் மாணாக்கனின் இயல்பை அறிந்தே வழி காட்டினார். இயல்பறியும் ஆசான் இருக்குமிடத்தில்தான் இவ்விதி பொருந்தும். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பாடப்பிரிவைத் திணிக்கும் தந்தைக்கு இதில் இடமில்லை.

இறுதி இரண்டு அத்தியாயங்களில், நாள்தோறும் வெறும் வயிற்றில் 21 உலர்திராட்சை உண்டால் நினைவாற்றல் பெருகும் என்பதும், கல்லறை எழுத்துகளைப் படித்தால் மறதி வரும் என்பதும், இரவில் வீடு கூட்டினால் வறுமை சேரும் என்பதும் உள்ளன. இவை அக்காலத்து மக்கள் நம்பிக்கைகள். மார்க்கமும் அல்ல, மருத்துவமும் அல்ல. வருந்தத்தக்கது யாதெனில், நம்மவர் நினைவில் நின்றவை இவையே. பதினைந்து முறை ஓதும் முறை மறைந்துவிட்டது. திராட்சை எளிது, திருப்பி ஓதுதல் அரிது அல்லவா!

இக்குறைகளால் நூலின் மதிப்புக் குன்றாது. பெற்றோர்க்கும் என் போன்ற ஆசிரியர்க்கும் இந்நூல் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. “முடித்துவிட்டாயா?” என்று கேட்பதை விடுத்து, “எனக்குச் சொல்லிக் கொடு, கேட்கிறேன்” என்று பிள்ளையின் அருகில் அமர்வோம். எஞ்சிய அரைப் பங்கு கல்வி அங்கேதான் இருக்கின்றது. பயன் தரும் கல்வியை நமக்கும் நம் மக்களுக்கும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.